சம்பளத்தை மட்டும் பெருக்கியவர்

கண்டக்டருக்குப் பெருக்கல் என்றால் உயிர். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பேருந்தில் நின்றபடி, மூன்று முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட் என்று பயணி சொல்லி முடிப்பதற்குள் மீதிச் சில்லறையை நீட்டியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு பெருக்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச காலம் வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்தார். அப்புறம் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவனுடைய சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினார். வந்த விடையைப் பார்த்து அவருக்கே மூச்சு முட்டியது.

அந்த விடையை மனுஷன் தனக்குள் வைத்துக்கொண்டாரா என்றால், அதுதான் இல்லை. டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், பழைய டிப்போவுக்கு வேலை மெனக்கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாற்று விகிதம் ஏறுகிற நாளில் மகனுக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டதைப் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அந்த நிமிர்ந்த நெஞ்சோடுதான் பக்கத்து மனையை வாங்கப் பேசினார். மனைக்காரர், "எட்டு மாசத்துல மீதிப் பணம் வந்தாகணும், இல்லேன்னா அட்வான்ஸ் திரும்பாது" என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து மூன்று லட்சத்தைக் கண்டக்டர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். மீதியை மகன் தருவான். மகனிடம் கேட்டாரா? கேட்கவில்லை. நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதற்குத் தோதாக அடுத்த மாதமே மகன் போன் செய்தான்.

"அப்பா, ஆறு மாசம் இங்க வந்து இருங்க. பேரனைப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, ஊரைப் பாத்த மாதிரியும் ஆச்சு. அம்மாவும் வரலாமே?"

அம்மாவுக்கு முட்டி வலி. அவள் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கண்டக்டர் மட்டும் விமானம் ஏறினார்.

போன இடத்தில் பெருக்கல் அவரைப் படாதபாடு படுத்தியது. மகன் முதல் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். விலைப்பட்டியலைப் பார்த்ததும் மனசு தானாகப் பெருக்கிவிட்டது. ஊரில் பத்து நாள் குடிக்கலாம். தொண்டைக்குள் இறங்கிய ஒவ்வொரு வாயையும் அவர் விலையோடுதான் விழுங்கினார். அதன் பிறகு வெளியே எதைக் கேட்டாலும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். முடிவெட்டும் கூலியைக் கேட்டுவிட்டுச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டார். பின்மண்டையில் ஆடு மேய்ந்ததைப் போல இருந்தது. மருமகள் சிரிக்காமல் கத்தரிக்கோலை வாங்கிச் சரிசெய்துவிட்டாள்.

மகன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தான். மருமகள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளைப் பிரித்து வைப்பவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. பேரனுக்கு ஒன்றரை வயது; கண்டக்டர் நாக்கை மடித்து விசில் அடித்தால் போதும், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். பகல் முழுக்கத் தாத்தாவும் பேரனுமாகப் பொழுது நன்றாகவே போயிற்று.

ஆனால் வீட்டின் போக்கு அவருக்குப் பிடிபடவில்லை. அத்தனை சம்பளம் வாங்குகிற மகன் மழையிலும் பேருந்துக்கு நிற்கிறான். வாய் பிளந்த ஷூவுக்குப் பசை தடவி அதன் மேல் அகராதியை வைத்து அழுத்துகிறான். மருமகளோ கெட்டிக்காரி, ஒரு தக்காளிக்குக் கூடக் கணக்கு வைத்திருக்கிறாள். கை கெட்டி என்று முதலில் முகம் சுளித்தார். அப்புறம் அதுவும் நல்லதுக்குத்தான் என்று தேறிக்கொண்டார். இப்படி இறுக்கிப் பிடிக்கிற வீட்டில் பணம் குவிந்திருக்க வேண்டுமே. மனைக்குக் கேட்பதில் என்ன கூச்சம்? இருந்தும் வாய் வரை வந்த பேச்சு ஒவ்வொரு நாளும் உள்ளே போய்விட்டது. மாதங்கள் ஓடின. மனைக்காரருடைய கெடுவுக்கு ஏழு வாரம்தான் பாக்கி.

அப்படியொரு சனிக்கிழமை சாயங்காலம் மருமகளோடு பெரிய கடைக்குப் போனார். ஐந்தரை மணிக்குக் கடைப் பெண் ஒருத்தி மஞ்சள் சீட்டுக் கட்டோடு வந்தாள். அன்றைக்குள் விற்றாக வேண்டிய பொருட்களில் பாதி விலை ஒட்டுவது அவள் வேலை. மருமகள் எண்ணெய்ப் புட்டியைப் படிக்கிறவளைப் போலத் தள்ளி நின்றாள்.

"முதல்ல ரொட்டிக்கு ஒட்டுவா மாமா. அப்புறம் கோழி. காய்க்குக் கடைசியா வருவா. இப்பவே போய் நின்னா அவளுக்குப் பிடிக்காது."

சொன்ன வரிசை மாறவே இல்லை. கூடை நிறைந்து பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது கண்டக்டர் பழக்க தோஷத்தில் மனசுக்குள் கூட்டி வைத்திருந்தார். இயந்திரம் தொகையைக் காட்டுவதற்கு முன்பே மருமகள் சில்லறை வரைக்கும் எண்ணிக் கையில் எடுத்துவிட்டாள். அவர் கூட்டியதும் அதேதான். தன்னைவிடக் கால் நிமிடம் முந்திக்கொண்டவளை அவர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கம்மா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"வேற வழியில்லாமதான் மாமா" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை மதியம் பேரன் தூங்கிவிட்டான். டீ போடலாம் என்று கண்டக்டர் சர்க்கரையைத் தேடினார். கீழே எங்கும் இல்லை. நாற்காலி போட்டு ஏறி, அதுவரை திறக்காத மேல் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. பென்சிலில் எட்டு மாதத்துக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டமும் வாரம் வாரமாகப் பிரிந்து, முடிந்த ஒவ்வொரு வாரத்தின் அடியிலும் கோடு கிழித்து முடித்த தொகை.

பேருந்தில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிக்கெட் எண்ணை எழுதிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்த ஸ்டேஜுக்குப் போக வேண்டும். பரிசோதகர் எந்த இடத்தில் ஏறினாலும் கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இந்தத் தாளும் அப்படித்தான் இருந்தது. கண்டக்டருக்குச் சர்க்கரை மறந்துபோயிற்று. பரிசோதகரைப் போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மேலே இருவருடைய சம்பளம். ஊரில் அவர் பெருக்கிய எண்ணைக் காணோம். அது வரி பிடிப்பதற்கு முந்திய எண் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்தது வாடகை. அதையும் பெருக்கினார், பாதிச் சம்பளம் காலி. அறையைச் சூடாக்கும் செலவு, மின்சாரம், இரண்டு பேருந்து அட்டை. குழந்தைகள் காப்பகத்துக்கு மருமகள் சம்பளத்தில் பாதிக்கு மேல். இத்தனை வருடமாக ஊர் முழுக்கச் சம்பளத்தை மட்டும் பெருக்கிக்கொண்டு திரிந்தோமே, செலவு ஒன்றைக் கூடப் பெருக்கிப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது மாதத்தில் அவருடைய விமான டிக்கெட், ஆறு மாத மருத்துவக் காப்பீடு. மூன்றாவது மாதத்திலிருந்து காப்பகத்துக்கு நேரே பூஜ்யம். அவர் வந்துவிட்டாரே. அந்தப் பணம் எங்கே போகிறது என்று விரலை வைத்துத் தொடர்ந்தார். அது கடைசி வரிக்குப் போயிருந்தது. அந்த வரியின் பெயர் 'இடம்'.

எதெது அந்த வரிக்குள் போய் விழுந்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகப் பார்த்தார். 'ஷூ - அடுத்த மாதம்' என்று ஏழு கட்டத்திலும் எழுதியிருந்தது. 'பல் - ஊருக்குப் போகும்போது' என்று இன்னொரு வரி. மருமகள் சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்வதை அவர் பார்த்திருக்கிறார். அவள் பழக்கம் போல என்று நினைத்திருந்தார். 'அவசரம்' என்று தனியே ஒதுக்கி வைத்திருந்த தொகையும் நான்காவது மாதத்தில் முழுசாக 'இடம்' வரிக்கு மாறியிருந்தது. மகனுடைய வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. நீட்டிப்பார்களா இல்லையா என்று அவனே கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

வலது மூலையில் எட்ட வேண்டிய தொகையை வட்டம் போட்டு எழுதியிருந்தாள். அதை அவர் அட்வான்ஸ் கொடுத்த அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினார். மனைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு காசு கூடாமல் குறையாமல் வந்தது.

கண்டக்டர் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தன் வாழ்நாளில் எத்தனையோ கணக்குப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கணக்கை அவர் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு மேலாக ஒருநாள் கூட இதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. பிள்ளைகளா இவர்கள் என்று பிரமித்து நாற்காலியின் மேலேயே வெகுநேரம் நின்றார். பேரன் விழித்து அழுத பிறகுதான் இறங்கினார்.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நீங்க அட்வான்ஸ் குடுத்த அன்னைக்கே நான் மருமககிட்ட சொல்லிட்டேங்க. பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? அவரா வாய் திறக்கட்டும், அதுவரைக்கும் கேக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன். மனுஷன் கௌரவம் பாக்குறவராச்சே."

சாயங்காலம் மகனும் மருமகளும் வேலை முடிந்து வந்தார்கள். கண்டக்டர் அவர்களை உட்காரச் சொன்னார்.

"அலமாரிக் கதவுல எல்லாத்தையும் பாத்துட்டேம்மா."

மருமகள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகன்தான் பேசினான்.

"இன்னும் மூணு வாரத்துல முடிஞ்சிடும்பா. கெடுவுக்கு முன்னாடியே அனுப்பிடலாம். நீங்க கவலைப்படாதீங்க."

"உன் பல்லுக்கு என்னம்மா?"

"அது ஒண்ணும் இல்ல மாமா. இங்க ஒரு பல்லப் பாக்குற காசுக்கு ஊர்ல வாய் முழுக்கப் பாத்துடலாம். போறப்போ பாத்துக்குவேன்."

"எப்பப் போற?"

அவள் கணவனைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் ஆகும்" என்றான் அவன்.

கண்டக்டர் போனை எடுத்து மனைக்காரரைக் கூப்பிட்டார். இருவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்தார்.

"என்ன கண்டக்டரே, பணம் ரெடியாயிடுச்சா?"

"இடம் எனக்கு வேண்டாங்க. வேற ஆள் பாத்துக்கங்க."

மகன் பதறிப்போய் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். "அப்பா, மூணு லட்சம் போயிடும்!"

"போகட்டும்டா. நான் பேசின பேச்சுக்கு அது கம்மி" என்று அவன் கையைத் தள்ளிவிட்டார்.

மனைக்காரர் விடுவதாக இல்லை. "அட்வான்ஸ் திரும்பாதுன்னு தெரியுமில்ல? மாசத்துக்கு இத்தனை லட்சம்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. பையன்கிட்ட பணம் இல்லையா என்ன?"

டீக்கடையும் டிப்போவும் ஒருகணம் அவர் கண்முன் வந்துபோயின. நாளைக்கே இந்தப் பேச்சு அங்கெல்லாம் போய்ச் சேரும். சேரட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பணம் இருக்குங்க. கிட்டத்தட்ட முழுசா இருக்கு. ஆனா அது என் மருமக ஆறு மாசத்துக்கு மேல ஒரு பக்கமாவே மென்னு சேத்த காசு. அதைக் குடுத்து இடத்த வாங்கி, அதுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீடு கட்டுறது, சொல்லுங்க?"

பதிலுக்குக் காத்திராமல் கண்டக்டர் போனை அணைத்தார். மருமகள் அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மகன் வந்து அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.