தோணியில் இருந்த ஆள்

அந்தப் பெரிய எழுத்தாளரின் ஒரு வரியைக்கூட எங்கள் வீட்டில் எவரும் வாசித்ததில்லை. ஆனால் அவருடைய முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். அவர் போர்க்கப்பலொன்றைப் பார்க்கப் போன நாளைப் பெரிய படமாக வரைந்து தரும்படி கடற்படை அதிகாரி ஒருவர் வாப்பாவிடம் கேட்டிருந்தார். சாய்ந்தமருதில் தோணிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுகிற வாப்பா, மனித முகம் வரைவது ஹராம் என்று இருந்தவர். ஆகவே எழுத்தாளர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தார். மாலுமிகளும் மரியாதைக்கு அவருடன் சேர்ந்து கடலையே பார்த்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலம் அது. ராத்தாவின் கணவர், என் மச்சான், ஆழ்கடலுக்குப் போய் மாதக்கணக்காகியும் திரும்பவில்லை. காற்று அடித்துக்கொண்டுபோய் அந்தமானில் கரையேறியவர்களின் கதைகளையே வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கணவன் மவுத்தானால் மனைவி வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். மச்சானின் உம்மாவே அந்தப் பேச்சை எடுத்தபோது வாப்பா சீறிவிழுந்தார்.

"அவரு ஹயாத்தோட இரிக்காரு. என்ட புள்ள வெள்ள உடுக்கமாட்டா."

ராத்தா பூப்போட்ட சாரியுடன் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

படம் முடிகிற நேரத்தில் வாப்பா கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தோணியைப் போட்டார். முன்பக்கம் மஞ்சள் பிறை. மச்சானின் தோணிக்கு அந்தப் பிறையை முன்பு வரைந்ததும் வாப்பாதான். உள்ளே ஒரு ஆள். அந்தப் படத்திலேயே அவருக்கு மட்டும்தான் முகமிருந்தது. நகத்தளவு முகம், ஆனால் மச்சானேதான். உம்மா அதைப் பார்த்துவிட்டு ஹராம் என்று சொல்லவில்லை, அழுதார்.

அதிகாரி வீட்டுக்கே வந்து படத்தைப் பார்த்தார். எல்லாம் பிடித்துப்போயிற்று. தோணியின் பிறையில் மட்டும் அவருடைய விரல் நின்றது. அவர் சிங்களத்தில் சொன்னதைக் கூட வந்தவர் தமிழில் சொன்னார்.

"இந்தத் தோணிய இவங்க கண்டதாம். எழுத்தாளர் கப்பலுக்கு வந்த அண்டைக்கித்தானாம். ஆனா அதுல ஆள் இல்லியாம். கயிறு போடப் போகக்குள்ளயே கடலுக்குள்ள முங்கித் தாண்டுபோச்சாம். ஆள அழிச்சாச் சரியாம். இது உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

"ஆரோ சொன்ன" என்றார் வாப்பா.

அவர்கள் போனதும் வாப்பா உம்மாவைக் கூப்பிட்டார்.

"புள்ளய இத்தாவுல இருத்துங்க."

கதவுத் திரைக்குப் பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. உம்மா உள்ளே ஓடினார். வாப்பா போகவில்லை. நீலத்தைத் தொட்டு ஆளை மூடத் தொடங்கினார். காலில் தொடங்கி, முகத்தைக் கடைசியாக மூடினார். தூரிகையை வைத்துவிட்டு இரு கைகளையும் ஏந்தினார்.

தோணி காலியானது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மச்சானைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, சத்தமாக ஆமீன் சொன்னேன்.