பந்து போகாத பக்கம் பார்த்தவர்

தயவுசெய்து இதை எங்கள் தெருவில் யாருக்கும் காட்டாதீர்கள். சகாயம் அண்ணனைத் தெரிந்தவர்கள் மட்டும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ஊரின் பெயரை எழுதவில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் இருக்கிறது, அது போதும். ஆட்களின் பெயர்களை மட்டும் அப்படியே எழுதப் போகிறேன். அவற்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் செய்தி வந்தது. பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அப்பாவின் பேக்கரியில் பன் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பால் வண்டிக்காரர் இறங்கி வந்து, "சகாயத்த லாரி அடிச்சிருச்சுங்க. ஜெயங்கொண்டத்துக்கு அங்கிட்டு. அந்த எடத்துலயே முடிஞ்சிருச்சாம்" என்றார். அப்பா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "விடியறதுக்கு முன்னாடி அங்க என்னத்துக்குப் போனான்?" என்று கேட்டார். கடையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

சகாயம் அண்ணன் எங்கள் பேக்கரிக்கு அடுத்த கடையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ எடுப்பார். எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்டங்களையும் எடுப்பார், அதற்குக் காசு வாங்க மாட்டார். அணிக்கு என் அப்பா தலைவர். நடுவில் எட்டாம் நம்பர் போட்டு ஆடுகிறவன் என் அண்ணன் சரவணன். ஆட்டத்தைப் பற்றி ஊர் முழுக்கக் கூடிப் பேசும் இடம் எங்கள் பேக்கரி. சாயங்காலம் நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன் என்பதால் எல்லாம் என் காதில் விழும்.

இந்த வருடம் பேச்செல்லாம் ஒன்றைப் பற்றியேதான். எங்கள் பார்வர்டுகள் கோல் போடவில்லை. முதல் ஆட்டத்தில் ஒன்று விழுந்தது, அதற்குப் பிறகு ஐந்து ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. பார்வர்டுகள் இரண்டு பேர், இளவரசனும் அன்புவும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள். எங்கள் பக்கத்தில் அவர்களைப் போல ஓடுகிறவர்கள் இல்லை என்பதால் அணியில் இருந்தார்கள்.

"அவனுங்க பார்வர்டே இல்ல மாப்ள. ரெண்டு போஸ்டுக்கு நடுவுல இன்னும் ரெண்டு போஸ்டு" என்பார் சின்னத்தம்பி சித்தப்பா.

"ஒரு வேளை பூட்ஸு சரியில்லையோ என்னமோ" என்பார் கரண்ட் வேலை பார்க்கிற பாலு.

"பூட்ஸ மாத்தி என்னத்துக்கு? கால இல்ல மாத்தணும்" என்பார் சித்தப்பா.

கடைசியில் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். அரும்பாவூர்க்காரர்களோடு ஆடிய அன்று, நாங்கள் கோல் போட வேண்டிய பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூசணிக்காயை உடைத்தார்கள். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியது. எங்கள் கோல்கீப்பர் அந்தப் பூசணிக்காயிலேயே வழுக்கி விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. அன்று சாயங்காலமும் பேக்கரியில் பார்வர்டுகளைத்தான் திட்டினார்கள். ஸ்டூடியோ வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சகாயம் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பூசணிக்காய்க்குப் பாஸு குடுத்திருந்தாகூட அது ஒரு கோல் போட்டிருக்கும்." பாலு சிரித்துவிட்டார். அப்பா பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜெயிக்கிற கோலைப் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, மைதானத்திலிருந்து எங்கள் தெரு வழியாக மாரியம்மன் கோயில் வரை வருவார்கள். கோயில் வாசலில் அப்பா அவனுக்குத் துண்டு போடுவார். குரும்பலூர்க்காரர்களோடு நடந்த முதல் ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இளவரசன் கோல் போட்டான். சந்தோஷத்தில் எல்லாம் மறந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். என் அண்ணனும்தான் தூக்கினான். தண்ணீர் டேங்க் பக்கம் எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் சின்னத்தம்பி சித்தப்பா குறுக்கே வந்து நின்றார். "எறக்குங்கடா. எவன் கால எவன் தோள்ல போட்டுக்கிட்டு வர்றீங்க?" என்றார். இறக்கிவிட்டார்கள். இளவரசனின் ஒரு பூட்ஸ் கழன்று வேறு யார் கையிலோ இருந்தது. ஒற்றைக் காலில் பூட்ஸோடு அவன் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு ரோட்டைத் தாண்டிப் போனான். துண்டை அப்பா மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் எங்கள் பார்வர்டுகளுக்குக் கோல் போட வராமல் போனது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குக்கூடத் தோன்றவில்லை. சகாயம் அண்ணனுக்குத் தோன்றியது.

அவர் வேலை செய்யும் விதமே அப்படி. எங்கள் சித்தி கல்யாணத்தில் ஒரு முறை கேட்டேன், எல்லோரும் மணமேடையைப் பார்க்கும்போது நீங்கள் ஏன் கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று. "தாலி கட்டறத எவன் வேணாலும் எடுப்பான் பாப்பா. அந்த நேரத்துல பொண்ணோட அப்பா எங்க பாக்குறாருன்னு நான் எடுப்பேன். கல்யாணம் அங்கதான் நடக்குது" என்றார். மைதானத்திலும் அவர் இரண்டு கேமரா வைத்தார். புதியது பந்தின் பின்னால் போகும். பழையதைக் கோட்டோரம் ஸ்டாண்டில் நிறுத்தி, இளவரசனை மட்டும் எடுக்கும்படி ஒரு பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பேக்கரி நிறைந்திருந்தபோது, அவர் ஒரு பென் டிரைவோடு உள்ளே வந்தார். "ஏன் கோல் விழலன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களே. பாத்துருவோமா?" என்று டிவியில் செருகினார். படம் முழுக்க இளவரசன்தான் இருந்தான். கையைத் தூக்குகிறான். ஓடி வந்து காலியான இடத்தில் நிற்கிறான். பக்கத்தில் எதிரணி ஆள் யாரும் இல்லை. மறுபடியும் கையைத் தூக்குகிறான். பந்து வரவில்லை. வேறு ஆட்டம், வேறு சட்டை, அதே கை.

"பாரு, சும்மா நிக்கிறான்" என்று சித்தப்பா சிரித்தார்.

"நிக்கல. காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் சகாயம் அண்ணன்.

அப்போது டிவியில் சத்தமும் கேட்டது. கோட்டோரம் ஓடிவந்த ஒருவன், "டேய், எளவரசன் ப்ரீயா இருக்கான்டா" என்கிறான். அதற்கு என் அண்ணனின் குரல்: "அவனுக்குப் போடாத. அடிச்சுட்டான்னா அப்புறம் எவன் தூக்கறது?"

வடைச் சட்டி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சரவணன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து டிவியை அணைத்தார். பென் டிரைவைப் பிடுங்கிக் கல்லாவுக்குள் போட்டார். "நீ காதுகுத்து எடுக்கறவன் சகாயம். ஆட்டத்துல உனக்கென்ன வேலை?" என்றார்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லிங்க தலைவரே. நீங்க ஜெயிக்கணும்னு ஆசைப்படறீங்கன்னு நெனச்சேன். இல்லன்னா சொல்லிருங்க, நான் வூட்டுக்குப் போயி தூங்கறேன்."

மறுநாளே ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் பாலு அவருடைய ஸ்டாண்டை உதைத்துத் தள்ளிவிட்டு, "அடடா, கால் பட்டுருச்சு" என்றார். சகாயம் அண்ணன் விழுந்த கேமராவை எடுத்துத் துடைத்தபடி, "பரவால்ல பாலு. நம்ம டீமுல இப்பத்தான் ஒருத்தன் குறி பாத்து ஒதச்சிருக்கான்" என்றார். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் அடி வாங்கிக்கொண்டே திருப்பி அடிப்பார்.

அதற்குப் பிறகு அப்பா செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் நடக்க இருந்த கல்யாணங்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டார். "அந்தப் பய வேணாம் பங்காளி. அரியலூர்ல வேற ஆளு இருக்கான், நான் சொல்றேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் அவருக்கு உள்ளூரில் வேலையே இல்லாமல் போனது. ஆண்டிமடம் பக்கம், ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் என்று விடியற்காலை விசேஷங்களுக்கு பைக்கில் போக ஆரம்பித்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகிற ரோடு அது. லாரியை என் அப்பா ஓட்டவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் அவரைப் போக வைத்தது யார் என்பதும் தெரியும்.

நானும் பேசாமல்தான் இருந்தேன். அப்பா இல்லாத நேரத்தில் ஒரு டீயை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் வைப்பேன், அவ்வளவுதான். "எதிர்க்கட்சிக்கு டீ கொண்டாந்தா கட்சிய விட்டுத் தூக்கிருவாங்க பாப்பா, ஓடிரு" என்பார். நானும் ஓடிவிடுவேன்.

அவரை அடக்கம் செய்த அன்று, பேக்கரிக்கு எதிரில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். 'எங்கள் அணியின் தூண் சாய்ந்ததே' என்று எழுதியிருந்தது. மேலே மூலையில் அவர் முகம், ஏதோ அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, மங்கலாக இருந்தது. ஊரில் எல்லோரையும் படம் எடுத்தவரை ஒழுங்காக ஒரு படம் எடுக்க ஆள் இல்லை. கீழே அவர் முகத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கைகூப்பியபடி என் அப்பா. கூலிங் கிளாஸ் போட்ட சித்தப்பா. காதில் போன் வைத்த பாலு. பந்தை இடுப்பில் அணைத்தபடி சரவணன். அந்தப் படங்கள் எல்லாம் சகாயம் அண்ணன் எடுத்தவை. எனக்கு அழுகை வரவில்லை. அந்த முகங்கள் ஒவ்வொன்றிலும் அவமானம் ஏறுவதை நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

நேற்று பேக்கரியில் மறுபடி கூடினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சகாயம் நினைவுக் கோப்பை நடத்துவதாக முடிவாயிற்று. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தார்கள். "கோல் போடத் தெரியாதவனுங்களுக்கு எதுக்கு எடம்? ரெண்டு பேரையும் தூக்கிருவோம்" என்றார் சித்தப்பா. அப்பா தலையாட்டினார். சகாயம் அண்ணன் பெயரில் நடக்கும் ஆட்டத்தில், அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்கு இடம் இல்லை. அதையும் அவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். டீ கொடுத்தது நான்.

இளவரசனின் தங்கை ரேவதி என் வகுப்பில் படிக்கிறாள். இன்று மதியம் அவளிடம், அந்த வீடியோ கல்லாவில்தான் கிடக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "எங்கண்ணன் அத வெளிய விட்டா அவனத்தான் ஒதப்பானுங்க. நாங்களே செஞ்ச வீடியோன்னும் சொல்லிருவானுங்க. உங்க வூட்டுலேருந்து போனாத்தான்டி நம்புவானுங்க" என்றாள். பிறகு, "வேணாம், நீ மாட்டிக்குவ" என்றாள். முதலில் சொன்னதுதான் என் காதில் நின்றது.

சாயங்காலம் கல்லாவிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். கல்யாண வீட்டாருக்குக் கொடுப்பதற்காகச் சகாயம் அண்ணன் வாங்கி வைத்திருந்த வகை அது. ஒரு முனை டிவியில் செருகும், மறுமுனை போனில் செருகும். அவர் இறந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் சண்டை வந்ததால், அப்பா மட்டுமே எதையும் போட முடியும் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதன் பூட்டைத் திறக்கும் எண் சரவணனின் பிறந்தநாள். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அனுப்பிவிட்டேன். முழுவதையும் அனுப்பவில்லை. இளவரசன் கையைத் தூக்கி நிற்பதும், என் அண்ணன் பேசுவதும் வரை. தலைவரின் எண்ணிலிருந்தே போயிருக்கிறது. அப்பா பார்த்தால் அழித்துவிடுவார். ஆனால் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் குழுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது விழித்திருப்பார்கள். நாலு பேர் பார்த்தால் போதும்.

அப்பா பெல்ட்டை எடுப்பார். பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுவேன் என்று முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறார், அதையும் செய்வார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்கும் ஒவ்வொருவரும், இளவரசன் எங்கே என்று என் அப்பாவிடம்தான் கேட்பார்கள். அதை நினைக்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

சகாயம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கேமராவோ படமோ இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துக் கத்தும்போது, கத்தாமல் மறுபக்கம் திரும்பி, அங்கே யார் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் ஒன்று. அவருக்கு இருந்த தைரியமும் சிரிப்பும் எனக்கு இல்லை. எனக்கு இருப்பது கோபம்தான். அதையே அவருக்கு

கூடத்தில் அப்பாவின் போன் அடிக்கிறது. நின்றுவிட்டது. மறுபடி அடிக்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள். "எந்த வீடியோ?" என்று அப்பாவின் குரல் கேட்கிறது. சரவணன் அறையிலும் விளக்கு எரிகிறது. ரேவதியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், எவ்வளவு அடித்தாலும். எனக்கே தோன்றி நானே செய்தேன் என்றுதான் சொல்வேன். கதவைத் தட்டுகிறார்கள். இந்த நோட்டை எங்கே