செரிசாவாவின் பாட்டை எங்கே நிறுத்துவது

அன்று காலை ஃபுமியே ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்தாள். சட்டைக் கையில் இரட்டை மடிப்பு விழுந்ததும் கணவர் யசுஹேய் இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "நீ போய் உக்காரு. சட்டைக்காரன் என்ன பாவம் பண்ணான்?" என்றார்.

உட்காரத்தான் முடியவில்லை. செரிசாவா இறந்து இரண்டு மாதமாகிறது. நாற்பத்துமூன்று வயது, கணையத்தில் புற்றுநோய். ஊரின் நாரைகள் பேஸ்பால் அணியில் ஆடியவன்; மட்டையை வைத்துவிட்டுப் பத்து வருஷமாகியும் ஊருக்கு அவன்தான் செல்லப்பிள்ளை. இன்று மதியம் அவன் நினைவாக ஒரு ஆட்டம். ஆட்டம் தொடங்கிய பிறகு, நாரைகள் அணி மட்டை பிடிக்க வரும்போது, பேட்டர் நிற்கும் இடத்தைச் சற்று நேரம் காலியாக விடுவார்கள். அப்போது ரசிகர் குழு அவனுடைய பாட்டை வாசிக்க வேண்டும்.

அந்தப் பாட்டைக் கட்டியவள் ஃபுமியே. இருபத்துமூன்று வயதில் கல்யாணமாகி இந்தத் துறைமுக ஊரின் சலவைக் கடைக்கு வந்தவள். ஜன்னலில்லாத அறையில் ஆறு நாள் ஆவியில் நின்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளி தேவைப்பட்டது. கணவர் மீன் பிடிக்கப் போவார்; அவள் மைதானத்தின் கோடி வரிசையில் போய் உட்காருவாள். ஒருநாள் ரசிகர் குழுவில் டிரம்பெட் ஊத ஆளில்லை என்றார்கள். பள்ளிக்கூட பேண்டில் ஊதியவள், எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். பிறகு முப்பது வருஷம் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனிப் பாட்டு உண்டு. அவன் மட்டையோடு நிற்கும் வரை அதைத் திரும்பத் திரும்ப ஊத வேண்டும். பந்தை அடித்து ஓடினாலோ அவுட்டானாலோதான் நிறுத்தலாம். பத்தொன்பது வயதில் செரிசாவா அணிக்கு வந்தபோது, துணி அழுத்தும் இயந்திரம் சீறி அடங்கும் தாளத்தில் அவனுக்கு எட்டு வரி மெட்டு போட்டுக் கொடுத்தாள்.

அவன் சீக்கிரம் அவுட்டாகிற ரகம் இல்லை. இரண்டு ஸ்டிரைக் விழுந்து, மூன்றாவது விழுந்தால் அவுட் என்ற பிறகும் வருகிற பந்தையெல்லாம் பக்கவாட்டில் தட்டி, கணக்கில் சேராத ஃபவுலாக்கிக்கொண்டே நிற்பான். பந்து போடுகிறவனுக்கு வெறுத்துப்போகும். ஊதுகிறவர்களுக்கு உதடு வீங்கிப்போகும். "இவன் நம்ம பல்ல பேத்துட்டுத்தான் போவான்" என்று குழுவில் திட்டாதவர்கள் கிடையாது. அவன் வருகிறான் என்றால் முதலில் உதட்டுக்கு எண்ணெய் தடவிக்கொள்வதும் அவர்கள்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, செப்டம்பரில், அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். செரிசாவா பன்னிரண்டு பந்து வரை நின்றான். பதின்மூன்றாவதற்கு முன்னால் ஃபுமியேயின் உதடு கிழிந்தது. டிரம்பெட்டை இறக்கினாள். முதல் குரல் அவளுடையது என்பதால் மற்ற இரண்டு டிரம்பெட்டும் தடுமாறி நின்றன. முரசு மட்டும் தனியாக அடித்தது. செரிசாவா தலையைத் திருப்பி அவர்கள் பக்கம் பார்த்தான். அடுத்த பந்தில் மட்டையை வெறுங்காற்றில் வீசி அவுட்டானான். வளைந்த பந்து என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அவள் அதை நம்பவில்லை; யாரிடமும் சொன்னதுமில்லை. நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தாள். ஏப்ரலில் ஒரு காலை, காலர் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்குக் குழுத் தலைவன் உராபே வந்தான். அவளைவிடப் பதினாறு வயது இளையவன், நிதானக்காரன். மைதானத்தில் ஒரு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

"மூணு சுத்து ஊதுவோம்க்கா. நான் கைய இறக்கினதும் நிறுத்திடணும்."

"அவன் என்னைக்குடா மூணே சுத்துல வெளிய போனான்?"

"ஆளே நிக்கலையேக்கா. பந்தும் வராது. யாராவது ஒரு இடத்துல நிறுத்தித்தானே ஆகணும்?"

ஃபுமியே நாக்கைப் பல்லில் ஓட்டிப் பார்த்தாள். முன்பற்களில் பாதி கட்டிய பல். ஐந்தாவது சுற்றில் காற்று கசியும் என்பதும் தெரியும். இரண்டாம் முறையும் தானே முதலில் நிறுத்துகிறவளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உராபே போன பிறகு டிரம்பெட்டின் ஊதுவாயை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கடைக்குள் முன்னும் பின்னும் நடந்தாள்.

மதியம் நல்ல வெயில். சனங்கள் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவற்றில் நான்கைந்து தன் கையால் தேய்த்தவை என்பதை மடிப்பிலேயே கண்டுகொண்டாள். பேட்டர் நிற்கும் வெள்ளைக்கோட்டுக் கட்டத்துக்குள் யாருமில்லை. எதிரணிப் பந்துவீச்சாளன் தொப்பியைக் கழற்றி நின்றான். உராபே கையை உயர்த்தினான்.

முதல் சுற்று, இரண்டு, மூன்று. உராபேயின் கை இறங்கியது. மற்ற இரண்டு டிரம்பெட்டும் நின்றன. ஃபுமியே நிறுத்தவில்லை. அவன் கையை இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துவிட்டு, முரசுக்காரனிடம் தலையை ஆட்டினான். முரசு மறுபடி சேர்ந்தது. நான்கு. ஐந்தில் காற்று கசிந்தது. ஆறில் வாயில் உப்புக் கரித்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார். ஏழாவதின் பாதியில் குரல் உடைந்தது. அவ்வளவுதான், இனி வராது என்று அவளுக்கே தெரிந்தது.

விட்ட இடத்திலிருந்து எதிர்ப்பக்கக் கோடியில் ஒரு டிரம்பெட் எடுத்தது. எதிரணி ரசிகர்கள். மூன்றாக, நான்காகச் சேர்ந்துகொண்டார்கள். பதினாலு வருஷம் அவன் நிற்க நிற்கக் கேட்டுச் சலித்தவர்களுக்குப் பாட்டு மனப்பாடமாகாமல் இருக்குமா? ஃபுமியே டிரம்பெட்டை மடியில் இறக்கினாள். பாட்டு நிற்கவில்லை. ஏழை முடித்து, எட்டையும் ஊதினார்கள். ஆட்டத்தைத் தொடரச் சொல்லி நடுவர் கையை உயர்த்தும்போதும் அவர்கள்தான் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மிசோ சூப் உதட்டில் சுட்டது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நேத்து எப்படித்தான் இருந்துச்சு?" என்று கேட்டார் யசுஹேய்.

"அந்தப் பக்கத்துக்காரங்க ரெண்டாவது வரியில ஓடுறாங்க. அங்க மூச்சு விடணும்னு யாரும் சொல்லித் தரல போல" என்றாள். எழுந்து போய் நேற்றைய சட்டையை மறுபடி நனைத்து, அந்த இரட்டை மடிப்பை எடுக்க ஆரம்பித்தாள்.