நூற்றெட்டுச் சுற்றும் பதினோரு சுற்றும்

இந்தப் புத்தாண்டில் எடையைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மார்கழிதானே, திண்டிவனத்தில் எங்கள் தெருப் பிள்ளையாரைத் தினமும் நூற்றெட்டு முறை சுற்றினால் புண்ணியமும் சேரும், உடம்பும் இளைக்கும் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போகுமுன் சாப்பிடும் வழக்கமில்லை. மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அறுபதாவது சுற்றில் வியர்த்துக் கொட்டியது. கைகால் நடுங்க, தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் நர்சிங் படிக்கும் என் மகள் கவிதா, விடுமுறைக்கு வந்தவள், அன்று கூட வந்திருந்தாள்.

“மாத்திரை போட்டுக்கினு வெறும் வயித்துலயா சுத்தின?” என்று கேட்டவள், எதிர் டீக்கடைக்கு ஓடி, சர்க்கரை கரைத்த தண்ணீரோடு வந்தாள்.

“இன்னும் நாப்பத்தெட்டு சுத்து பாக்கிடி” என்றேன்.

“பிள்ளையாரு எங்கயும் போவ மாட்டாரு. நீதான் போயிருப்ப. குடிம்மா.”

சற்று நேரத்தில் தெளிந்தேன். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனாள். “சரியாத்தான் செஞ்சிருக்கம்மா” என்று அவர் அவளிடம் சொன்னபோது, அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசியைக் கண்டாலே அழுத பெண் அவள்.

இட்லி சாப்பிட்ட பிறகு பதினோரு சுற்று, முடிந்தால் மெல்லக் கூட்டலாம் என்பது அவள் போட்ட திட்டம். ஒருநாளும் தவறவில்லை, இப்போது இருபத்தேழு சுற்று. முன்பெல்லாம் விடுதிக்குப் போன் செய்து, “சாப்டியா?” என்று நான்தான் கேட்பேன். இப்போது காலையில் அவள் கேட்கிறாள். பதில் சொல்லிவிட்டுத்தான் வாசல்படி இறங்குகிறேன்.