சட்டைப்பையில் ஒரு சிவப்பு பிளக்

நிற்கிற இயந்திரத்துக்கும் ஓட முடியாத இயந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த லிஃப்ட்டக்கா இதற்குத் தினமும் பதில் சொன்னார். கூண்டின்மேல் ஏறுமுன் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன்பின் கீழே யார் பொத்தானை அழுத்தினாலும் கவலையில்லை. "வீட்டுச் சாவி கேட்டா ஃபியூஸை எடுத்து நீட்டுறா," என்பார் அவர் வீட்டுக்காரர்.

ஞாயிறுகளில் அக்காவுக்கு மாதிரி விமானச் சங்கம்தான் உலகம். பதினான்கு மாதம் இழைத்த பேட்டரி விமானத்தை முதன்முறை பறக்கவிட வந்த அன்று, மைதானத்தில் தடை அறிவிப்பு தொங்கியது: இனி பேட்டரி விமானங்கள் கூடாது.

காரணம், சங்கச் செயலாளரின் கட்டைவிரல். போன வாரம் பறந்து முடித்து, பேட்டரியைக் கழற்ற, விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறிக்கு முன்னால் கை நீட்டினார். கழுத்தில் தொங்கிய ரிமோட்டின் குச்சியில் சட்டைக்கை உரசியது; விசிறி சுழன்றுவிட்டது. ஏழு தையல்.

"பெட்ரோல் எஞ்சின்னா சத்தம் போட்டு எச்சரிக்கும். இது சத்தமில்லாத திருடன்மா," என்றார் செயலாளர்.

"திருடன் கையில சாவியை விட்டுவச்சது யாரு சார்?"

அக்கா விமானத்தைத் திருப்பிக் காட்டினார். இறக்கைக்குப் பின்னால், விலாவில், ஒரு சிவப்பு பிளக். பேட்டரியிலிருந்து போகும் கம்பியை வெட்டி, இரு முனைகளையும் அங்கே கொண்டுவந்திருந்தார். பிளக்கைப் பிடுங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் கிடையாது. விசிறிப் பக்கம் கை போகவும் வேண்டாம்.

பேட்டரியை உள்ளே வைத்தார். பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டார். ரிமோட்டைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டார்.

"குச்சியை முழுசாத் தள்ளுங்க சார்."

"வேணாம்மா. என் விரலைப் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"தள்ளுங்க சார்! ஏதாவது ஆச்சுன்னா ஆயுசுக்கும் பாத்திரம் நான் கழுவுறேன்," என்றார் கூட வந்திருந்த வீட்டுக்காரர்.

செயலாளர் கட்டுப் போடாத விரலால் தள்ளினார். விசிறி அசையவில்லை. இறக்கி மறுபடி தள்ளினார். மூன்றாம் முறையும் தள்ளிவிட்டு, நடந்துபோய் அறிவிப்பைக் கிழித்தார்.

அக்கா ரிமோட்டை வாங்கி, குச்சியை அடிவரை இறக்கி, இறக்கைக்குப் பின்னால் நின்று பிளக்கைச் செருகினார். விமானம் புல்லை விட்டு எழுந்தபோது மைதானமே கத்தியது. மரங்களுக்கு மேல் ஐந்து சுற்று. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஞாயிறே ஆறு விமானங்களின் விலாவில் சிவப்பு பிளக் முளைத்திருந்தது.

அந்த முதல் நாள் விமானம் இறங்கியதும் அக்கா பிளக்கைப் பிடுங்கினார். கை வழக்கம்போலத் தன் பைக்குப் போனது, பாதியில் நின்றது. செயலாளரின் சட்டைப்பையில் போட்டார்.

அன்றிலிருந்து அது செயலாளரிடம்தான். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார், செயலாளரும் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா பிளக்குக்காக அவரிடம் கையை மட்டும் நீட்டுவார்:

"பறக்கலாமா சார்?"