ஃப்ரீசரில் வைத்த ஆமை

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஓர் உயிரை வதைத்தவன் நான்.

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் என் அம்மா, ஆறு வருடமாக ஓர் ஆமை வளர்த்தாள். தெருநாய் கடித்து அதன் ஓடு பிளந்து, புண்ணில் புழு வைத்துவிட்டது.

“ஏலே, இது பொழைக்காது. வலிக்காமப் போக வழி சொல்லு. வீட்ல நீ ஒருத்தன்தான படிச்சவன்” என்றாள்.

“ஃப்ரீசர்ல வைப்போம்மா. அப்படியே தூங்கிரும்” என்றேன். செல்போனில் அரைகுறையாகப் படித்தது.

அம்மா அதைப் பழைய சேலைத்துணியில் பொதிந்து கொடுத்துவிட்டு, நைட் ஷிப்ட் அலுப்பில் படுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். ஆமை துணியை விட்டு வெளியே வந்திருந்தது. உறைபனியில் நகக் கீறல்கள். ஒரு முன்னங்கால் இன்னும் மெல்ல அசைந்தது.

அம்மாவை எழுப்பாமல், ஆமையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

“தம்பி, குளிர்ல அதால அசையத்தான் முடியாது. வலி தெரியும். உடம்புக்குள்ளயே ஐஸ் கட்டும்லா” என்றார் கால்நடை டாக்டர். திட்டவில்லை. இனிப் பிழைக்காது என்று பார்த்து, மயக்க ஊசி போட்டார். காலைக் கிள்ளியும் அது இழுக்கவில்லை என்று உறுதியான பிறகே உயிரை நிறுத்தும் அடுத்த ஊசி.

“ஆமைக்கு இதயம் லேசுல நிக்காது. செத்த நேரம் இருங்க” என்றார். அது நிற்கும்வரை இருந்தேன்.

“தூங்குன மாதிரியே போயிருச்சாலே?” என்று, நான் வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்.

“ஆமாம்மா.”

“நல்லவேள, நீ இருந்த” என்று அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

இன்னும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவள் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.