சுமதி வீட்டு வேப்பிலை

திருமானூரில் சுமதியை வாயால் ஜெயித்தவர் கிடையாது. அப்படிப்பட்டவள் திருச்சி ஆஸ்பத்திரியில், டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஏழு வயது மகள் லாவண்யாவுக்கு இரத்தப் புற்றுநோய்.

"பொழச்சிருவாளா சார்?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "இப்பவே சொல்ல முடியாதும்மா. புற்றணுவோட மரபணு இவளுக்கு நல்ல வகை. ஆனா ஆரம்பத்துலயே வெள்ளையணு ரொம்ப ஏறியிருந்துச்சு. முதல் மருந்துக்கு நோய் எவ்வளவு அடங்குதுங்கிறதுதான் முக்கியம். நடுவுல கிருமி தொத்தக் கூடாது. வீட்டுக்குள்ள யாரையும் விடாதீங்க."

முதல் மருந்து முடிந்தது. எலும்பு மஜ்ஜையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். யாரையும் விடக் கூடாதாம்! நம் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு இருமிக்கொண்டே வந்து, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளாமல் போக மாட்டார்கள்.

மறுநாள் காலை சுமதி வாசலில் வேப்பிலை செருகினாள். "புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கியது.

எதிர்வீட்டு நாத்தனார் பொன்னம்மாள் மட்டும் நாள் முழுக்க வேலியோரம் நாற்காலி போட்டு இந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் தெரிந்துவிட்டதோ என்று சுமதி ஜன்னல் வழியே அவளைக் கவனித்தபடி இருந்தாள். அதற்குள் லாவண்யா, தாளித்த ரசம் வேண்டுமென்று அடம்பிடித்தாள். பல நாள் கழித்துப் பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறாள், மறுக்க மனசு வருமா? ஜன்னலைச் சாத்திவிட்டுக் கடுகைப் போட்டாள்.

இரண்டு நாளில் டாக்டர் போன் செய்தார். "மஜ்ஜையில புற்றணு தெரியலம்மா. நல்ல அறிகுறி. ஆனா மீதி மருந்தையும் ஏத்தியே ஆகணும்."

சுமதி வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பொன்னம்மாள் பதறி எழுந்தாள்.

"சந்தோஷந்தான் அண்ணி. மருந்து கேக்குதாம், இன்னும் ஏத்தணுமாம். மன்னிச்சுக்கங்க, அம்மைன்னு சொன்னது பொய்."

"தெரியும்டி. அம்மை கண்ட வூட்டுல எவளாச்சும் தாளிப்பாளா? வாசம் கொள்ளிடம் வரைக்கும் போச்சு. கேட்டவுங்ககிட்டல்லாம் எங்க வூட்டுத் தாளிப்புன்னு சொல்லி வச்சேன்."

பொன்னம்மாள் புது வேப்பிலைக் கொத்தைப் படியில் வைத்துவிட்டு உடனே விலகி நின்றாள்.

"இன்னும் மருந்து இருக்குல்ல? இதச் செருகு. இனிமே தாளிக்கிறப்ப ஒரு சத்தம் குடு. நானும் இங்க தாளிக்கிறேன்."